பழைய பிக்கப் வாங்கிச் சீரமைக்க விருப்பமா? என்ஜினைப் பார்க்கும் முன் சேசிஸையும் ஆவணங்களையும் பாருங்கள்

உதியன்குளங்கரை (திருவனந்தபுரம்): பழைய பிக்கப் அல்லது ஜீப் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே பழுதுபார்த்துச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. திருவனந்தபுரத்தில் அலுவலகப் பணி, ஊரில் சிறிது நிலம், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை என்று வாழ்வோருக்கு இது பொழுதுபோக்காகவும் அமையும். வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றிச் செல்லப் பயனுள்ள வண்டியாகவும் அமையும். ஆனால், இத்தகைய முயற்சிகள் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் என்ஜின் கோளாறால் அன்று. துருப்பிடித்த சேசிஸும் தீராத ஆவணச் சிக்கலுமே வண்டியைக் கொட்டகையிலேயே முடக்கிவிடுகின்றன.

தேசிய நெடுஞ்சாலை 66-இல் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்துள்ள உதியன்குளங்கரையில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் களியக்காவிளை. அதைக் கடந்தால் மார்த்தாண்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நடந்த மாநிலச் சீரமைப்பில் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. உறவும் வணிகமும் இன்றுவரை இரு பக்கமும் தொடர்கின்றன. ஆகவே இங்கு வண்டி தேடுபவரின் பார்வைக்குக் கே.எல். 19 (பாறசாலை), கே.எல். 20 (நெய்யாற்றின்கரை) எண்களுடன் டி.என். 75 (மார்த்தாண்டம்), டி.என். 74 (நாகர்கோவில்) எண்கள் கொண்ட வண்டிகளும் வருகின்றன. எல்லைக்கு அப்பால் அதே மாதிரி வண்டி சற்று மலிவாகக் கிடைக்கிறது என்றால் கை நீள்வது இயல்பே. அந்த விலை வேறுபாடு எங்கே கரைந்துபோகிறது என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

எந்த வண்டி?

பழைய வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைவிட உதிரி பாகங்களின் இருப்பே முதன்மையானது. மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த ஜீப்புகளும் பிக்கப்களும் கேரள மலைப்பாதைகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் நெடுங்காலம் உழைத்தவை. 2,523 சி.சி. கொள்ளளவுள்ள டி.ஐ. டீசல் என்ஜின் அந்நிறுவனத்தின் பல ஜீப்புகளுக்கும் பிக்கப்களுக்கும் பொதுவானது. ஆகவே அதன் பாகங்களுக்கும், அதை அறிந்த மெக்கானிக்குகளுக்கும் சிற்றூர்களில்கூடப் பஞ்சமில்லை.

டாடா நிறுவனம் 1988-இல் டாடாமொபைல் 206 என்ற பிக்கப்பை அறிமுகப்படுத்தியது. அதன் வழிவந்த டாடா 207 டி.ஐ. வண்டியின் 2,956 சி.சி. என்ஜின், டாடா 407 சரக்கு வண்டியிலும் பொருத்தப்பட்ட வகையைச் சேர்ந்தது. 407 ஓடாத ஊர் தமிழகத்திலும் கேரளத்திலும் அரிது என்பதால், இதற்கும் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. மாறாக, பஜாஜ் டெம்போவின் மேட்டடோர், எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவுடன் வந்து மறைந்த சிறு லாரிகள் ஆகியவை கண்ணுக்கு இனியவை என்றாலும், ஒரு விளக்குக் கண்ணாடிக்காகச் சென்னை புதுப்பேட்டை வரை செல்ல நேரிடும். தேடலே இன்பம் என்று கருதுவோருக்கு அது குறையாகத் தோன்றாது. முதன்முறையாக இறங்குவோர் தவிர்ப்பது நல்லது.

இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் என்ஜினை ஸ்பேனரும் பொறுமையும் கொண்டு பெருமளவு புரிந்துகொள்ளலாம். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட காமன் ரெயில் என்ஜினுக்குக் கணினிக் கருவி வேண்டும். அதன் இன்ஜெக்டர்களும் விலை மிகுந்தவை. வார இறுதி வேலைக்கு முந்தையதே ஏற்றது.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

பிக்கப்பின் உடல், ஏணி போன்ற இரும்புச் சட்டகத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. என்ஜின், கேபின், சரக்குப் பெட்டி, ஸ்பிரிங் என அனைத்தையும் தாங்குவது இந்தச் சேசிஸ்தான். என்ஜின் கெட்டால் இறக்கிச் சரிசெய்யலாம். கேபின் தரை அரித்துப்போனால் தகடு வெட்டி ஒட்டலாம். சட்டகமே உள்ளிருந்து அரித்துப்போனால் அந்த வண்டிக்குச் செலவிடும் பணம் அனைத்தும் வீண்.

தென் திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கின்றன. கடற்கரையும் தொலைவில் இல்லை. எனவே வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியது?" என்பது அன்று, "இதில் என்ன ஏற்றினார்கள்?" என்பதே. விழிஞ்ஞம், பூவாறு, தேங்காய்ப்பட்டணம், குளச்சல் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால், பனிக்கட்டி உருகிய உப்புநீர் பல ஆண்டுகள் சேசிஸின்மீது சொட்டியிருக்கும். இத்தகைய வண்டியின் வெளிப்புறம் புதுப் பூச்சுடன் பளபளக்கலாம். சட்டகத்தின் உட்புறம் படலம் படலமாக உரியும். செங்கல்லும் கருங்கல்லும் ஏற்றிய வண்டியில் வேறு நோய்: ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்திருக்கும், சட்டகம் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கும். வாழைக்குலை, ரப்பர் ஷீட், காய்கறி ஏற்றிய வண்டி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சிறு சுத்தியல், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச் போதும். வண்டியின் அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் சட்டகத்துடன் இணையும் இடங்கள், குறுக்குச் சட்டங்கள், கேபின் தாங்கும் இடங்கள் ஆகியவற்றைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில வேளை ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளேயே இறங்கிவிடும். அடிப்பகுதி முழுவதும் அண்மையில் கெட்டியான கறுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால் அதை நற்செய்தியாகக் கொள்ளக் கூடாது. பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சுரண்டிப் பார்க்க விற்பவர் இசைய வேண்டும். கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் காந்தம் ஒட்டாவிட்டால் அங்கு இருப்பது தகடு அன்று, பட்டி.

கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஏராளமான வாகனங்கள் மூழ்கின. தெற்கு எல்லைப் பகுதிக்கு அந்த வண்டிகள் விற்பனை வழியாக வந்திருக்கக் கூடும். டேஷ்போர்டின் அடியிலும், இருக்கைப் பட்டையை முழுவதுமாக இழுத்துப் பார்த்தால் அதன் மடிப்பிலும் வண்டல் படிந்திருக்கிறதா என்று நோக்கலாம்.

என்ஜின்: அரைமணி நேரச் சோதனை

விற்பவர் வண்டியை முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால், ஆறும்வரை காத்திருப்பதே முறை. குளிர்ந்த நிலையில் டீசல் என்ஜின் எவ்வளவு தயங்கிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உள்நிலை தெரியும். தொடர்ந்து நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை விலகாமல் நின்றால் எரிபொருள் முழுமையாக எரியவில்லை அல்லது நீர் உள்ளே புகுகிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் காற்று பலமாக உந்தி வெளியேறக் கூடாது. அப்படி உந்தினால் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன. ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றில் எந்தக் குறையும் வண்டியை நிராகரிக்கக் காரணமாக வேண்டியதில்லை. விலையைக் குறைக்கக் காரணமானால் போதும். தேய்ந்த டி.ஐ. என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பது தெரிந்த வேலை, கணக்கிடக்கூடிய செலவு. சரியாக ஓடும் என்ஜினும் அரித்த சேசிஸும் கொண்ட வண்டியைவிட, ஓடாத என்ஜினும் உறுதியான சேசிஸும் கொண்ட வண்டியே சீரமைப்புக்கு மேலானது. ஏனோ சந்தையில் விலை இதற்கு நேர்மாறாகவே பேசப்படுகிறது. பொறுமையுள்ளவருக்கு அதுவே வாய்ப்பு.

புகைச் சோதனையை மட்டும் மறக்கலாகாது. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வாகனங்களுக்குப் புகை அடர்த்தியின் உச்சவரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பம்பும் இன்ஜெக்டரும் சரியாக இருந்தால் பழைய வண்டியும் இதற்குள் அடங்கும்.

எல்லையைக் கடக்கும் ஆவணங்கள்

மார்த்தாண்டத்தில் வாங்கிய வண்டி உதியன்குளங்கரைக்கு ஓடிவர அரைமணி நேரம் போதும்; அதன் ஆவணங்கள் வந்துசேர மாதங்கள் ஆகலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்கு முதற்படி, மூலப் பதிவு அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று பெறுவது. வரி பாக்கி, போக்குவரத்து அபராத பாக்கி, நிதி நிறுவனக் கடன் ஆகியவை தீர்ந்திருந்தால்தான் அது கிடைக்கும். கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் நீடித்தால் படிவம் 35 தேவை. உரிமை மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். புதிய எண்ணுக்குப் படிவம் 27. இத்தனைக்கும் பிறகு கேரள வரி தனி.

விலையில் கிடைத்த லாபம் கரைவது இங்கேதான். எல்லைக்கு அப்பால் 20 ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்த வண்டி, வரி, கட்டணம், அலைச்சல், எடுத்த விடுப்புகள் ஆகியவற்றைக் கூட்டினால் உள்ளூர் வண்டியைவிட விலை உயர்ந்ததாகிவிடலாம். எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியின் விவரங்களைக் காட்டி, செலுத்த வேண்டிய வரியைக் கேட்டறிவது அவசியம்.

"பெயர் மாற்றம் பிறகு பார்க்கலாம்" என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களுடன் ஆர்.சி.யைக் கைமாற்றும் வழக்கம் இரு மாநிலங்களிலும் உண்டு. இது விற்பவருக்கே பெரும் ஆபத்து. விற்றுவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. வாங்குபவருக்கோ, சில ஆண்டுகள் கழித்து பழைய உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுகளின் வீடு தேடிச் செல்ல வேண்டிய நிலை.

சேசிஸ் எண்ணை நேரில் ஒப்பிடாமல் எந்த ஆவணத்தையும் நம்பக் கூடாது. எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பதே இன்றும் நடைமுறை. அந்த எண் துருவில் மறைந்திருந்தாலோ, வெட்டி ஒட்டிய தகட்டில் இருந்தாலோ, வாங்குவதை அத்துடன் நிறுத்திவிடலாம். அரியாணாவின் மண்டி டப்வாலி போன்ற இடங்களில் கழிவு பாகங்களைக் கொண்டு கட்டப்பட்டு விற்பனைக்கு வரும் ஜீப்புகளின் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும்.

அரசு ஏலத்தில் வந்த ஜீப் என்றால் இன்னொரு கேள்வி. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் நீட்டிக்கப்படுவதில்லை. அதற்கு முன்பே ஏலம் எடுக்கப்பட்டு, தனியார் பெயருக்கு முறையாக மாற்றப்பட்ட வண்டிதானா என்பதை வாகன் தளத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

வெள்ளைப் பலகையா, மஞ்சள் பலகையா?

ஜீப்புகள் பெரும்பாலும் தனியார் வாகனமாகப் பதிவானவை. பிக்கப்கள் பெரும்பாலும் சரக்கு வாகனங்கள். இந்த ஒரு வேறுபாடு ஆண்டுதோறும் பணமாகவும் நேரமாகவும் வெளிப்படும்.

தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த இலகுரக வாகனத்துக்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிப்பின்படி, 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு அது 10,000 ரூபாய். பசுமை வரி இதில் சேராது. சரக்கு வாகனம் எனில், எட்டு ஆண்டுகள் கடந்தபின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அதன் கட்டணமும் வாகனத்தின் வயதுக்கேற்ப ஏறுகிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வாகனத்துக்கு பெர்மிட் தேவையில்லை என்பதும், 7,500 கிலோ வரையிலான சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமத்துடனேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதிசெய்திருப்பதும் ஆறுதலான செய்திகள்.

கேரளத்துக்கே உரிய இரண்டு விவரங்களைத் தமிழகத்திலிருந்து வண்டி கொண்டுவருவோர் பெரும்பாலும் அறிவதில்லை. முதலாவது, மோட்டார் தொழிலாளர் நல நிதி. போக்குவரத்து வாகனங்களுக்கு நல நிதித் தொகை செலுத்தியதைக் காட்டினால்தான் வாகன வரி ஏற்கப்படும். பல ஆண்டுகள் நின்றுபோன உள்ளூர் பிக்கப்பை வாங்குவோர், வரி பாக்கியுடன் இந்த பாக்கியையும் கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, ஜி படிவம். வண்டியைப் பிரித்துப்போட்டுவிட்டு, "ஓடாத வண்டிக்கு என்ன வரி?" என்று எண்ணியிருப்போர் ஓராண்டு கழித்து அபராதத்துடன் கூடிய பாக்கியைக் காண்கிறார்கள். வண்டி ஓடவில்லை என்பதால் மட்டும் வரி நிற்காது. குறிப்பிட்ட காலத்துக்கு வாகனம் பயன்படுத்தப்படாது என்றும், எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் என்றும் ஜி படிவத்தில் முன்கூட்டியே தெரிவித்தால்தான் அந்தக் காலத்துக்கு விலக்குப் பெற முடியும். அக்காலத்தில் வண்டியை வேறு கொட்டகைக்கு மாற்றுவதாக இருந்தாலும் முதலில் தெரிவிக்க வேண்டும். ஒரே தவணையில் வரி செலுத்தப்பட்ட தனியார் ஜீப்புக்கு, அந்த வரிக் காலம் முடியும்வரை இந்தக் கவலை இல்லை.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

சீரமைப்பு வேறு, உருமாற்றம் வேறு. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்ததிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரள உயர் நீதிமன்றம் இதற்குத் தளர்வான பொருள் கொண்டிருந்த நிலையில், 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2019 சட்டத் திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். 2021 ஆகஸ்டில் கண்ணூர் மாவட்டத்தில் பயணக் காணொலிப் பதிவர்களின் உருமாற்றப்பட்ட வேன் கைப்பற்றப்பட்ட நிகழ்வு மாநிலமெங்கும் பேசப்பட்டது.

ஆகவே பழைய பிக்கப்பில் அதே வகை என்ஜினை அனுமதியுடன் மாற்றுவது சாத்தியம். வேறு நிறுவன என்ஜினைப் புகுத்துவது, சேசிஸை வெட்டி நீளத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது, ஒற்றைக் கேபினை இரட்டைக் கேபினாக்குவது ஆகியவை வண்டியைச் சாலைக்கே வரவிடாமல் செய்துவிடும். நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வெளியே துருத்திய அகலமான டயர்களும் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளும் கேரள மோட்டார் வாகனத் துறையின் சோதனைகளில் முதலில் சிக்குபவை.

50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத, வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஜீப் அமைந்தால் நிலைமை வேறு. 2021 ஜூலையில் வெளியான விதிகளின்படி அதை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே அத்தகைய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியும். அதில் வாழைக்குலை ஏற்றிச் சந்தைக்குப் போக முடியாது.

கொட்டகையும் நாட்காட்டியும்

ஆண்டில் 52 ஞாயிறுகள் உண்டு என்றாலும், திருமணம், ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல், கோயில் திருவிழா ஆகியவை போக மீதமே வண்டிக்கு. மேற்கூரையில்லாத முற்றத்தில் ஜூன், ஜூலை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெல்டிங்கோ வண்ணப்பூச்சோ நடவாது. பிரித்த இரும்பு ஒரே மழையில் துருப்பிடிக்கும். எனவே வண்டிக்கு முன் கூரை. கூரைக்குப் பின் பிரேக். என்ஜினை உயிர்ப்பிக்கும் ஆவலில் பலர் பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பம்ப், ஆல்டர்னேட்டரின் பின்புறம் அமைந்திருக்கும். அது பழுதானால் பெடல் கல்லாக இறுகிவிடும். முற்றத்திலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவிலேயே விபத்து நேரலாம்.

சோதனை ஓட்டத்துக்கும் காப்பீடு தேவை. மூன்றாம் நபர் காப்பீடின்றிப் பொதுச் சாலையில் ஓட்டினால் முதல்முறை 2,000 ரூபாய் அபராதம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உரிமையாளரின் சொத்திலிருந்தே செல்லும்.

அடியில் படுத்து வேலை செய்வோர் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. மழையில் ஊறிய செம்மண் தரையில் ஜாக்கி சாயக்கூடியது. கெட்டியான தளத்தில், சேசிஸுக்கு இருபுறமும் இரும்புத் தாங்கிகள் வைத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் செல்ல வேண்டும்.